அன்யூஸ்டு பெட்டிக்குள் என்ன இருக்கிறது? டிஸ்க்ளோஷர் பணி பற்றி வாசகர் கேள்விகள்

புலனாய்வில் சேர்ந்து, அரசுத் தரப்பு சாட்சியமாகப் பயன்படுத்தாதவை 'அன்யூஸ்டு'. அவற்றில் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டியதைக் கண்டறிந்து கொடுப்பதுதான் 'டிஸ்க்ளோஷர்'. இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸ் படைகளில் இந்தப் பணியில் இருப்பவர்களும் சேரப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. இங்கே சொல்வது அங்கே பொருந்தாது.

கே: டிஸ்க்ளோஷர் அதிகாரி என்றால் ஃபைல் கட்டுகிற கிளார்க்தானே? அதற்கு ஏன் தனியாக ஓர் ஆள்? (வாசகர், லூட்டன்)

ஃபைல் கட்டுவது வேலையில் கடைசிப் பங்கு. 1996ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை மற்றும் புலனாய்வுச் சட்டமும் அதன் நடைமுறை விதித்தொகுப்பும் இந்தப் பதவிக்கு மூன்று கடமைகள் வைக்கின்றன. புலனாய்வில் சேர்ந்த எல்லாவற்றையும் ஆராய வேண்டும். அவற்றை அரசுத் தரப்பு வழக்கறிஞருக்குத் தெரியப்படுத்தி, அப்படிச் செய்ததாகச் சான்றளிக்க வேண்டும். வழக்கறிஞர் சொன்னால் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும்.

சட்டத்தின் 3ஆம் பிரிவு வைக்கும் உரைகல் இது: அரசுத் தரப்பு வழக்கைப் பலவீனப்படுத்தவோ, குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவவோ கூடியது என்று நியாயமாகக் கருதத்தக்க எதையும் எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுப்பதா என்று தீர்மானிப்பவர் சிபிஎஸ் (அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் துறை) வழக்கறிஞர். ஆனால் அவர் பார்ப்பது நீங்கள் காட்டியதை மட்டும்தான். பெட்டியில் கிடப்பதைப் படித்த ஒரே ஆள் பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள்.

சிறிய வழக்கில் புலனாய்வு அதிகாரியே இதையும் பார்க்கலாம். கொலை, பெரிய மோசடி, ஆள்கடத்தல் போன்றவற்றில் தனி அதிகாரியும் துணை அதிகாரிகளும் தேவைப்படுவார்கள். போலீஸ் பணியாளராக இருந்தால் போதும், சீருடை அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. நலன் முரண்படக்கூடிய ஆளை மட்டும் நியமிக்கக் கூடாது. உதாரணமாக, அந்தக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரே டிஸ்க்ளோஷர் அதிகாரியாக இருக்க முடியாது.

கே: என் எம்ஜி6சி பட்டியலை (ரகசியமில்லாத அன்யூஸ்டு ஆவணங்களின் பட்டியல்) 'விவரம் போதாது' என்று சிபிஎஸ் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. எப்படித்தான் எழுதுவது? (வாசகி, லெஸ்டர்)

இந்தப் பணியில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். பட்டியலில் உள்ள வரியைப் படித்தே, ஆவணத்தைத் திறந்து பார்க்க வேண்டுமா என்று வழக்கறிஞர் முடிவு செய்ய முடிய வேண்டும். 'போலீஸ் குறிப்பேடு', 'மின்னஞ்சல்கள்', 'வீடு வீடாக விசாரித்த படிவம்' என்று எழுதினால் ஆவணத்தின் வகை தெரிகிறது, உள்ளடக்கம் தெரியவில்லை.

கடைசி உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 'வீடு வீடாக விசாரித்த படிவம், எண் 27. சம்பவ இரவு 11.40 அளவில் தெருவில் இருவர் ஓடியதாக இங்கு வசிப்பவர் சொல்கிறார். ஒருவர் உயரமானவர், சிவப்பு ஜாக்கெட். முகம் பார்க்கவில்லை. வாக்குமூலம் கொடுக்க விருப்பமில்லை.' ஐந்தே வாக்கியங்கள். கைதானவர் குட்டையானவர், கறுப்பு உடையில் இருந்தார் என்பதுதான் அரசுத் தரப்பு வழக்கு என்றால், வழக்கறிஞர் உடனே படிவத்தைக் கேட்பார்.

வீட்டு எண்ணையும் பெயரையும் இந்த வரியில் சேர்க்கக் கூடாது. எம்ஜி6சி அப்படியே எதிர்த்தரப்பின் கைக்குப் போகும். அதே காரணத்தால் உங்கள் கருத்துக்கும் அங்கே இடமில்லை. 'இது அரசுத் தரப்புச் சாட்சியத்தோடு முரண்படுகிறது' என்பதை வழக்கறிஞருக்கு அனுப்பும் எம்ஜி6ஈ அறிக்கையில், எந்த எண்ணுள்ள ஆவணம், ஏன் என்ற காரணத்தோடு எழுத வேண்டும். பலர் இங்கே ஆவண எண்ணை மட்டும் எழுதிவிட்டுக் காரணத்தை விட்டுவிடுகிறார்கள். காரணம் இல்லாத எம்ஜி6ஈயும் திரும்பித்தான் வரும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக, தொடர் எண்ணோடு எழுதுவதுதான் விதி. ஆயிரக்கணக்கான ஒரே மாதிரிப் பதிவுகள் இருந்தால், நம்பர் பிளேட் கேமரா பதிவுகள் போல, மொத்தமாக ஒரே வரியில் போடலாம். எத்தனை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எப்படிப் பார்க்கப்பட்டன என்பது அந்த வரியில் இருக்க வேண்டும். உரைகல்லுக்கு எட்டக்கூடியதாகத் தோன்றும் பதிவை அந்த மொத்தத்திலிருந்து எடுத்துத் தனி வரியாக்குங்கள்.

2020 விதித்தொகுப்பு கொண்டுவந்த முன்அனுமானப் பட்டியலையும் கையோடு வைத்திருங்கள். குற்றத்தையோ குற்றவாளியையோ வர்ணிக்கும் 999 அவசர அழைப்புப் பதிவு, சம்பவப் பதிவு, குற்ற அறிக்கை, புலனாய்வாளரின் குறிப்புகள், சம்பவம் பதிவான சிசிடிவி, காவல் பதிவேடு, புகார்தாரரும் சாட்சிகளும் முன்பு சொன்னவை, விசாரணைப் பதிவுகள், சாட்சியின் நம்பகத்தன்மையைக் குறைக்கும் தகவல், இவையெல்லாம் உரைகல்லுக்கு எட்டும் என்ற அனுமானத்தோடுதான் தொடங்க வேண்டும். எட்டாது என்றால் அதற்குக் காரணம் காட்டுவது உங்கள் பொறுப்பு.

கே: பெரிய புலனாய்வுகளுக்குப் போலீஸ் பயன்படுத்தும் ஹோம்ஸ் கணினி எல்லாவற்றையும் பதிவு செய்கிறது. அதிலிருந்து பட்டியலை எடுத்தால் போதாதா? (வாசகர், பர்மிங்ஹாம்)

நல்ல தொடக்கம், அவ்வளவுதான். செய்திகள், நடவடிக்கைகள், ஆவணங்கள், வாக்குமூலங்கள் ஹோம்ஸில் எண்ணோடு இருக்கும். அதற்குள் வராமல் போவதுதான் சிக்கல் தரும்: அதிகாரிகளின் வாட்ஸ்ஆப் குழு உரையாடல், தடயவியல் நிபுணரோடு நடந்த மின்னஞ்சல் பரிமாற்றம், அவருடைய வரைவு அறிக்கை, உடலில் அணியும் கேமராப் பதிவு, இறுதி வாக்குமூலத்திலிருந்து மாறுபடும் வரைவு வாக்குமூலம். எதுவும் கிடைக்காத தேடலும் ஓர் ஆவணம். 'அந்த நேரத்தில் அங்கே இருந்தேன், வித்தியாசமாக எதையும் பார்க்கவில்லை' என்று ஒருவர் சொன்னாலும் அதைப் பதிவு செய்யச் சொல்கிறது விதித்தொகுப்பு.

கே: பாதிக்கப்பட்டவரின் ஃபோனில் 60,000 செய்திகள். எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா? (வாசகி, லண்டன்)

படிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறது: அந்த ஃபோனைப் பார்ப்பது நியாயமான விசாரணைப் பாதையா? புகார்தாரர் என்பதற்காக மட்டும் ஒருவரின் ஃபோனை எடுக்க முடியாது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் பேட்டர்-ஜேம்ஸ் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. விருப்பத்தோடு ஒப்படைக்கும் ஃபோனிலிருந்து தகவல் எடுப்பதற்கான நிபந்தனைகளை 2022ஆம் ஆண்டின் போலீஸ், குற்றம், தண்டனை மற்றும் நீதிமன்றங்கள் சட்டம் வகுத்திருக்கிறது. எதைத் தேடுகிறோம், ஏன், மறுத்தால் என்ன என்பதை எழுத்தில் கொடுத்து, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் அளவு. எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. யாரோடு, எந்தக் காலத்தில், எதைப் பற்றி என்று வரையறுங்கள். புகார்தாரருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையே நடந்த உரையாடலை முழுதாகப் படியுங்கள். அதில் சொல்தேடல் வேண்டாம். மற்றவற்றில் தேடுசொற்களைப் பயன்படுத்தலாம். எந்தச் சொல், எந்தத் தேதியில், எந்த மென்பொருளில் தேடினீர்கள், எத்தனை கிடைத்தன, எத்தனையை யார் படித்தார்கள் என்ற பதிவேடு கட்டாயம் வேண்டும். நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

தேடுசொல் தவறவிடுபவை ஏராளம். குரல் செய்தி, ஸ்கிரீன்ஷாட், எமோஜி, பட்டப்பெயர், எழுத்துப்பிழை எதுவும் சிக்காது. ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழ்ச் செய்திகள் இன்னும் மோசம்: 'காசு' என்ற ஒரு சொல்லையே ஒருவர் ஒற்றை 'ஏ' போட்டு எழுதுவார், இன்னொருவர் இரட்டை 'ஏ' போடுவார், மூன்றாமவர் கடைசி 'உ'வையே விட்டுவிடுவார். மொழி தெரிந்தவரை வைத்துத் தேடுசொற்களை உருவாக்காவிட்டால், 'எதுவும் கிடைக்கவில்லை' என்ற முடிவுக்கு மதிப்பே இல்லை. தேடலில் சிக்காத செய்திகளிலிருந்தும் ஒரு மாதிரியை எடுத்துப் படித்துப் பாருங்கள். முக்கியமானது அதில் இருந்தால் சொற்பட்டியல் தவறு.

நேரத்திலும் கவனம் வேண்டும். ஃபோன் அறிக்கை பல சமயம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வரும், சிசிடிவி உள்ளூர் நேரத்தில் ஓடும். பிரிட்டனில் கோடைக்காலத்தில் இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். அதைச் சரிசெய்யாமல் செய்திகளைப் படித்தால், சம்பவத்துக்குப் பின் அனுப்பியது முன்பு அனுப்பியதாகத் தெரியும்.

வழக்கறிஞரோடு நடந்த உரையாடல் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பகுதியைப் பிரித்து, வழக்கில் தொடர்பில்லாத சுயேச்சையான வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்துவிட்டு 'வழக்கோடு சம்பந்தமில்லை' என்று சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2017 டிசம்பரில் குரோய்டன் கிரவுன் கோர்ட்டில் (கடுமையான குற்றங்களை ஜூரியோடு விசாரிக்கும் நீதிமன்றம்) கைவிடப்பட்ட பாலியல் வன்கொடுமை வழக்கே சாட்சி. ஃபோனில் கிட்டத்தட்ட 40,000 செய்திகள் இருந்தன. குற்றம் சாட்டப்பட்ட மாணவருக்கு உதவக்கூடியவை எதிர்த்தரப்பின் கைக்கு வந்தது விசாரணை தொடங்கிய பிறகுதான்.

கே: ரகசிய ஆவணங்களின் பட்டியலான எம்ஜி6டியில் எதைப் போடுவது? சாட்சியின் ஃபோன் எண் இருக்கும் எல்லா ஆவணங்களையும் அதில் போடச் சொல்கிறார்கள். (வாசகர், மான்செஸ்டர்)

தவறு. வெளியிட்டால் முக்கியமான பொதுநலனுக்குக் கடுமையான பாதிப்பு ஏற்படும் உண்மையான ஆபத்து இருந்தால் மட்டுமே அது எம்ஜி6டி. ரகசியத் தகவலாளியின் அடையாளம், கண்காணிப்புக்கு இடம் கொடுத்தவரின் வீடு, ரகசிய நுட்பங்கள் போன்றவை. ஃபோன் எண்ணை மறைத்துவிட்டு ஆவணத்தை எம்ஜி6சியில் போடுங்கள். கண்டதையெல்லாம் ரகசியப் பட்டியலில் தள்ளினால், உண்மையிலேயே ரகசியமானதை யாரும் நம்ப மாட்டார்கள்.

ரகசியப் பட்டியலில் உள்ள ஒன்று உரைகல்லுக்கு எட்டினால், வெளியிடாமல் வைக்க நீதிபதியிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் மறுத்தால் கொடுப்பதா, வழக்கைக் கைவிடுவதா என்பதுதான் மிச்சம். பட்டியலில் எழுதுவதே ஆபத்து என்ற அளவுக்கு ரகசியமானது இருந்தால், அதைத் தனியாக வழக்கறிஞரிடம் தெரிவிக்க வழி உண்டு.

கே: குற்றச்சாட்டு பதிவான பிறகு தொடங்கினால் போதுமா? (வாசகி, ரெடிங்)

போதாது. சிக்கலான வழக்கில் முதல் வாரத்திலேயே உட்கார வேண்டும். ஃபோன்களை எப்படிக் கையாள்வது, பள்ளி, மருத்துவமனை, சமூக சேவைத் துறை போன்ற மூன்றாம் தரப்பிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கப்போவதில்லை, ஏன் என்பதெல்லாம் டிஸ்க்ளோஷர் மேலாண்மை ஆவணத்தில் வர வேண்டும். அதை எழுதுபவர் வழக்கறிஞர், விவரம் கொடுப்பவர் நீங்கள். எதிர்த்தரப்பும் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்லும். தேடுசொற்கள் போதாது என்றால் அப்போதே சொல்லிவிடுவார்கள். ஜூரி உட்கார்ந்த பிறகு கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கே: டிஃபென்ஸ் ஸ்டேட்மென்ட் (எதிர்த்தரப்பு தன் நிலையை எழுதித் தரும் அறிக்கை) வந்துவிட்டது. இனி என் வேலை என்ன? (வாசகர், லீட்ஸ்)

மறுபடி முதலிலிருந்து. கிரவுன் கோர்ட் வழக்கில் தொடக்க டிஸ்க்ளோஷருக்குப் பின் 28 நாட்களுக்குள் அது வர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் எதை மறுக்கிறார், ஏன், சம்பவத்தின்போது வேறிடத்தில் இருந்ததாகச் சொன்னால் எங்கே, யாரோடு என்பவை அதில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, தக்கவைத்த எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். 'தற்காப்புக்காக அடித்தேன்' என்று அவர் இப்போது சொன்னால், முதல் சுற்றில் ஒன்றுமில்லை என்று நீங்கள் கடந்துபோன காயக் குறிப்பு வேறு மாதிரி தெரியும். பார்த்தபின் புதிதாகச் சான்றளித்து வழக்கறிஞருக்கு அனுப்புங்கள். புதிதாக ஒன்றுமில்லை என்றாலும் அதை எழுத்தில் சொல்ல வேண்டும்.

கே: தலைமைப் புலனாய்வு அதிகாரி 'இது வழக்கோடு சம்பந்தமில்லை, பட்டியலில் வேண்டாம்' என்கிறார். நான் என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

சம்பந்தம் என்பதற்கு விதித்தொகுப்பில் வரையறை உண்டு. குற்றத்தோடோ, விசாரிக்கப்படுபவரோடோ, சூழ்நிலையோடோ ஏதேனும் தொடர்பு இருந்தால் போதும். வழக்கில் எந்தத் தாக்கமும் ஏற்படுத்த வழியே இல்லை என்றால்தான் விலக்கு. சந்தேகம் இருந்தால் பட்டியலில் போட்டுவிட்டு வழக்கறிஞரிடம் கேளுங்கள். சான்றிதழில் கையெழுத்து உங்களுடையது. அவர் சொன்னதையும் நீங்கள் எடுத்த முடிவையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

கே: எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? (வாசகர், கார்டிஃப்)

தண்டிக்கப்பட்டவர் சிறையிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ விடுதலையாகும் வரையாவது. சிறைத்தண்டனை இல்லாவிட்டால், தீர்ப்பிலிருந்து குறைந்தது 6 மாதம். விடுதலை அதற்கு முன்பே வந்துவிட்டாலும் அதே 6 மாதம். மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தால் அது முடியும் வரை.

பெட்டிகளின் நடமாட்டப் பதிவேட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்தப் பெட்டி, எந்த அறை, யார் எடுத்தார், எப்போது திரும்பியது. 2011 டிசம்பரில் சுவான்சீ கிரவுன் கோர்ட்டில் 8 முன்னாள் போலீஸ் அதிகாரிகள் மீதான வழக்கு சரிந்தது. சில ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று நம்பப்பட்டது அதற்கு ஒரு காரணம். அடுத்த மாதமே அவை போலீஸிடமே இருந்த பெட்டிகளில் கிடைத்தன.