மூன்று மணி நேரப் படத்தில் பத்து நிமிடம் போதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைப் போட்டு வரலாறு சொல்லித்தரலாமா? படம் நீளம், பிள்ளைகளுக்குத் தமிழும் குறைவு. வருவதெல்லாம் உண்மைதானா என்றும் சந்தேகம்."

தாராளமாகப் போடுங்கள், முழுப்படம் மட்டும் வேண்டாம். அரை மணியில் கடைசி வரிசை போனை எடுத்துவிடும். ஜாக்சன் துரையைக் கட்டபொம்மன் சந்திக்கும் காட்சி ஒன்றே போதும். முதல் தடவை சத்தம் இல்லாமல் ஓட்டுங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யாருடைய கை வாளுக்குப் போகிறது என்று கவனித்து எழுதட்டும். தமிழ் வராத பிள்ளைகூட இதில் முந்திக்கொள்ளும். அப்புறம் சத்தத்தோடும் சப்டைட்டிலோடும் இன்னொரு தடவை.

இனிதான் பாடம். சந்திப்பு நடந்தது உண்மை: 1798 செப்டம்பர், ராமநாதபுரம். ஊர் ஊராக அலையவிட்ட பிறகே கலெக்டர் ஜாக்சன் அவரைப் பார்த்தார். பேச்சு கிஸ்தி, அதாவது வரி, பாக்கியைப் பற்றியது. அது கைகலப்பில் முடிந்து, லெப்டினன்ட் கிளார்க் செத்துப்போனார். ஜாக்சனுக்கும் பதவி போயிற்று. ஆனால் சிவாஜி முழங்கும் அந்த அடுக்கு வசனம் எந்த ஆவணத்திலும் இல்லை. முதலில் மேடை நாடகத்துக்காகச் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. இதைச் சொன்னால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்று பயப்பட வேண்டாம். எது நடந்தது, எது எழுதப்பட்டது என்று இரண்டு பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள், உற்சாகமாகச் செய்வார்கள். சுதந்திரம் வந்து பன்னிரண்டு வருஷத்தில், 1959-இல், ஒரு படம் ஏன் இப்படிப் பேசியது என்றும் கேளுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கேள்விதான் படத்தைவிடச் சுவாரசியம்.

எட்டப்பன் விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. எட்டயபுரம் கிழக்கிந்தியக் கம்பெனி பக்கம் நின்றது சரி. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டது கம்பெனியின் மேஜர் பானர்மன். ஒரே ஆளின் தலையில் பழியைப் போட்டால் கம்பெனி தப்பித்துக்கொள்ளும்.

உங்கள் ஊருக்கு நான் இன்னும் பொருத்தமாக நினைப்பது 1961-இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்'. சிறையில் வ.உ.சி. செக்கிழுக்கும் காட்சியைக் காட்டுங்கள். அதோடு படத்தை நிறுத்திவிட்டு மிச்சக் கதையை நீங்களே சொல்லுங்கள். 1912 கடைசியில் விடுதலையாகி, வறுமையில் கிடந்த அவருக்காகத் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் பணம் திரட்டினார்கள். அது காந்தி வழியாகப் போக வேண்டியிருந்தது, போய்ச்சேரத் தாமதமானது. அதுபற்றி இருவரும் 1915, 1916-இல் எழுதிக்கொண்ட கடிதங்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டை எடுத்து வகுப்பில் வாசியுங்கள்.

வீட்டுப்பாடமும் ஒன்று கொடுக்கலாம். அந்தக் காலத்தில் டர்பனில் தமிழ்ப் படம் எங்கே பார்த்தீர்கள், யாரோடு போனீர்கள், அப்போது வீடு எங்கே இருந்தது என்று தாத்தாவிடமும் ஆயாவிடமும் கேட்டு எழுதட்டும். கடைசிக் கேள்வி நேராக, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்துக்கும், அதன்படி இந்தியர்களைக் குடியேற்றிய சாட்ஸ்வொர்த்துக்கும் கொண்டுபோகும். அதற்குத் தனியாக ஒரு வகுப்பு ஒதுக்கி வையுங்கள்.