செட்டிங்ஸ் ஃபைலில் வேகம் கொடுத்தும் யூடிபி சோதனை 1 மெகாபிட்டிலேயே நிற்கிறதா?
நெட்வொர்க் வேகத்தை அளக்கும் கருவியான ஐபெர்ஃப்3-க்கான ஃபைலில் வேகத்தை 100எம் (100 மெகாபிட்) என்று கொடுத்தும் யூடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் தரவை அனுப்பும் முறை) சோதனை நொடிக்கு 1 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்கிறீர்கள். லைனைச் சந்தேகிக்க வேண்டாம். ஐபெர்ஃப்3 தானாக எந்த செட்டிங்ஸ் ஃபைலையும் படிக்காது, அதை ஓட்டுகிற உங்கள் ஸ்கிரிப்ட்தான் படித்து ஒவ்வொரு மதிப்பையும் கட்டளையில் சேர்க்க வேண்டும். வேகத்தைச் சொல்லும் மைனஸ் பி (-b) ஆப்ஷன் போய்ச் சேராவிட்டால் யூடிபிக்கு ஐபெர்ஃப்3 எடுத்துக்கொள்வது அந்த 1 மெகாபிட்தான். கட்டளைக்கு முன்னால் ஒரு எக்கோ போட்டு உண்மையில் என்ன போகிறது என்று பாருங்கள், விடுபட்டது உடனே தெரிந்துவிடும். சர்வர் பக்கம் எதையும் தொட வேண்டாம், சோதனை விவரங்களைக் கிளையன்ட்தான் அனுப்புகிறது. அப்புறம், எடுத்த எடுப்பில் வேகத்துக்கு 0 கொடுத்து வரம்பை நீக்காதீர்கள், பாக்கெட் இழப்பு எகிறிவிடும். 20, 50, 80 மெகாபிட் என்று ஏற்றிக்கொண்டே போய் இழப்பு எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள்.