ஜப்பானின் நவோயெட்சு ரயில் நிலையத்தைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றனவாமே, பயணிக்கு அது குழப்பம்தானே?

ஜே.ஆர். எனப்படும் ரயில் நிறுவனக் குழுமத்தின் வண்டிகளில் போக வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும், நாடு முழுவதற்குமான ஜே.ஆர். பாஸ் உங்களிடம் இருக்கிறது, ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் வந்து ஜோயெட்சுமியோகோ நிலையத்தில் இறங்கி நவோயெட்சுவுக்குப் போகப்போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நேரான பதில் இதுதான்: நிலையத்துக்குள் எந்தக் குழப்பமும் இல்லை, கட்டணத்தில்தான் கவனம் வேண்டும். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தடம் எச்சிகோ தோகிமேகி ரயில்வே என்ற உள்ளூர் நிறுவனத்துடையது, ஆகவே அங்கே உங்கள் பாஸ் செல்லாது.

நவோயெட்சு அமைந்துள்ள ஜோயெட்சு நகரில் வேலை நிமித்தமாக வசிக்கும் எனக்கு இது அன்றாடம் ஏறி இறங்கும் நிலையம் என்பதால், இதைக் குழப்பம் என்று யாராவது சொன்னால் மனம் பொறுப்பதில்லை. 1886இல் இந்த நிலையம் திறக்கப்பட்டதே, துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய ரயில்பாதைச் சாமான்களை மலைநாட்டுக்குள் கொண்டுசெல்வதற்காகத்தான். 1899இல் ஹொகுயெட்சு ரயில்வே என்ற தனியார் நிறுவனத்தின் பாதை இங்கே வந்து அரசுப் பாதையோடு சேர்ந்தது; 1907இல் அது அரசுடைமையாகும் வரை இருவரும் இங்கே அருகருகே வண்டி ஓட்டினார்கள். 1987இல் தேசிய ரயில்வே ஜே.ஆர். நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது ஜே.ஆர். ஈஸ்ட்டும் ஜே.ஆர். வெஸ்ட்டும் சந்திக்கும் எல்லையாக இதே நிலையம் அமைந்தது. பகிர்ந்துகொள்வது இந்த ஊருக்குப் புதிதல்ல.

இன்றைய ஏற்பாடு 2015 மார்ச் 14 அன்று வந்தது. ஹொகுரிகு ஷின்கான்சென் கனஸாவா வரை நீண்ட அன்றைக்கே, அதற்கு இணையாக ஓடிய பழைய பாதைகள் ஜே.ஆர். நிறுவனங்களின் கையைவிட்டுப் போயின. இந்த நிகாட்டா மாவட்டத்துக்குள் இருந்த பகுதியை, மாவட்ட அரசும் நகராட்சிகளும் சேர்ந்து அமைத்த தோகிமேகி ரயில்வே ஏற்றது. நிலையத்தை நடத்துவதும் அதுதான். நிகாட்டா நகரத்தின் பக்கம் போகும் பாதை மட்டும் ஜே.ஆர். ஈஸ்ட்டிடம் தங்கிவிட்டது. இவை போதாதென்று ஹொகுயெட்சு எக்ஸ்பிரஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் ஹொகுஹொகு வண்டிகளும் இங்கே வருகின்றன, சரக்கு வண்டிகளும் கடந்து போகின்றன. நடைமேடை எண்ணும் புறப்படும் நேரமும் பலகையில் தெளிவாக இருக்கும்போது, வண்டி யாருடையது என்று பயணி ஆராய வேண்டியதே இல்லை.

சென்ற ஆண்டு என் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். பாஸ் வாங்கிக் கொடுத்த பயண முகவர், "எல்லா ரயிலுக்கும் இது ஒன்றே போதும்" என்று அடித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். நவோயெட்சுவில் பாஸை நீட்டியதும் அங்கிருந்த பெண் ஊழியர் வழித்தட வரைபடத்தை எடுத்து, ஜோயெட்சுமியோகோவிலிருந்து நவோயெட்சு வரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். பிறகு கால்குலேட்டரில் தொகையை அழுத்தி எங்கள் பக்கம் திருப்பினார். தொகை சிறியதுதான், ஆனால் ஏமாற்றப்பட்டுவிட்டோமோ என்று தம்பிக்கு முகம் வாடிவிட்டது. விற்றவர் ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த வாட்டமே வந்திருக்காது. விற்கும் பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் விற்பவர்கள் மீதுதான் என் கோபம். அந்த ஊழியர் மீதோ, இந்தச் சிறிய ரயில்வே மீதோ அல்ல.

ஜப்பானில் இருப்பதால் எல்லாவற்றுக்கும் பரிந்து பேசுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியில்லை. மேற்கே இத்தோயிகாவாவிலிருந்து நவோயெட்சு வழியாகக் காஷிவாஸாக்கிக்குப் போகும் உள்ளூர்க்காரர், முன்பு மொத்தத் தூரத்துக்கும் ஒரே கணக்கில் கட்டணம் கொடுத்தார். இன்று நவோயெட்சு வரை தோகிமேகியின் கணக்கு, அதற்கு மேல் ஜே.ஆரின் கணக்கு. ஷின்கான்சென் வந்ததன் சுமையைப் பழைய பாதையோரத்து ஊர்கள் தாங்குவது நியாயமில்லை என்பதே என் கருத்து.

"மின்கம்பிக்குக் கீழே ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி ஓட்டுகிறார்களே" என்று இத்தோயிகாவா பக்கம் போகும் தோகிமேகியின் ஹிசுய் தடத்தைச் சிலர் இளக்காரமாகப் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். நவோயெட்சு பக்கம் 1,500 வோல்ட் நேர்மின்சாரம், இத்தோயிகாவாவுக்கு அப்பால் 20,000 வோல்ட் மாறுமின்சாரம். இரண்டிலும் ஓடக்கூடிய மின்வண்டி விலை அதிகம், பயணிகளோ குறைவு. அதனால் டீசலைத் தேர்ந்தெடுத்தார்கள். கையிருப்பை அறிந்து செய்த காரியம் அது; அந்த ஒற்றைப் பெட்டி இல்லையென்றால் கடலோரப் பள்ளிப் பிள்ளைகள் எதில் போவார்கள்?

திரும்பும்போது எச்சிகோ யுஸாவா என்ற ஷின்கான்சென் நிலையம் வழியாகத் தோக்கியோ செல்வதானால், ஹொகுஹொகு வண்டியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. நவோயெட்சுவிலிருந்து சைகாட்டா வரை ஜே.ஆர். தண்டவாளம், அங்கிருந்து முய்காமாச்சி வரை 59.5 கிலோமீட்டர் ஹொகுயெட்சு எக்ஸ்பிரஸின் சொந்தப் பாதை, அதன் பிறகு யுஸாவா வரை மீண்டும் ஜே.ஆர். நேராகச் செல்லும் வண்டி கிடைத்து நீங்கள் இருக்கையை விட்டு எழாமலே போனாலும், நடுப்பகுதிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். புறப்படும் முன்பே நவோயெட்சு கவுன்டரில் பாஸைக் காட்டி, அந்த நடுப்பகுதிக்கு மட்டும் சீட்டு கேளுங்கள்.