ஊர் வாய்க்குப் பயந்து மகளை ஒளித்து வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. பள்ளி இறுதி வகுப்பில் படிக்கிறாள். அவள் ஐந்து மாதக் கர்ப்பம் என்பது சென்ற வாரம்தான் தெரியவந்தது. படிப்பை நிறுத்திவிட்டு, பிரசவம் முடியும்வரை தூரத்து உறவினர் வீட்டில் வைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். அவளுடைய எதிர்காலம் என்னவாகும், டாக்டர்?

பதில்: தயவுசெய்து ஒளித்து வைக்காதீர்கள், அம்மா. ஐந்து மாதம் மறைத்ததில் எத்தனையோ பரிசோதனைகள் ஏற்கெனவே தவறிப்போயிருக்கும். கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை பரிசோதனை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பதின்வயதுத் தாய்மாருக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் அபாயமும், குறைமாதத்தில் எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பும் இருபதுகளில் இருப்பவர்களைவிட அதிகம். கடும் தலைவலி, கண் மங்குதல், திடீர் முகவீக்கம், மேல்வயிற்று வலி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். யாருக்கும் தெரியக்கூடாது என்று தயங்கும் வீட்டில் இந்த "உடனே" நடக்காது.

இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற கேள்வி இருந்தால், வாரக் கணக்கும் உங்கள் நாட்டுச் சட்டமும் அறிந்து அவர் வழி சொல்வார். கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கொடுத்துப் பார்ப்பது உயிருக்கே உலை வைக்கும்.

மருத்துவர் அவளோடு தனியாகப் பேசட்டும். "கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது?" என்று இத்தகைய பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் அம்மாதான் பதில் சொல்வார், பெண் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்திருப்பாள். அம்மா வெளியே போன பிறகுதான் வாய் திறப்பாள். இது அவள் விருப்பத்தோடு நடந்ததா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்பது அப்போதுதான் தெரியவரும். அவள் 18 வயதுக்குக் குறைந்தவள் என்பதால், பல நாடுகளில் மருத்துவர் இதை அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். அது பெரும்பாலும் படிப்பில்தான் தொங்குகிறது. கர்ப்பத்தால் படிப்பை நிறுத்திய பெண்களில் பலர் பள்ளிக்குத் திரும்புவதே இல்லை. தகுதிச் சான்று இல்லாததால் நல்ல வேலை கிடைப்பதில்லை. காசுக்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்கிறார்கள். அந்த நிலையில் அடுத்த கர்ப்பத்தையும் அவர்களால் தள்ளிப்போட முடிவதில்லை. (இந்தக் கர்ப்பத்துக்குக் காரணமானவனிடம் படிப்பை நிறுத்தும்படி யாராவது சொன்னார்களா?) ஆகவே தலைமையாசிரியரிடம் விடுப்புக் கேளுங்கள், திரும்பும் தேதியையும் அப்போதே பேசி எழுதி வாங்குங்கள். பள்ளி நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். மானம் காக்க அவசரக் கல்யாணம் என்ற பேச்சு வந்தால் மறுத்துவிடுங்கள். படிப்பு நிற்பதற்கு அது இன்னொரு காரணமாகும்.

தோழிகள் வந்து போகட்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இந்த வயதில் கூடுதலாக வருகிறது. தனிமை அதை வளர்க்கும். இரண்டு வாரம் தாண்டியும் அழுதுகொண்டிருந்தாலோ, குழந்தை தூங்கும்போதுகூட அவளுக்குத் தூக்கம் வராவிட்டாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். சாகவேண்டும் என்று ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி தேவை. கருத்தடை பற்றி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்கு முன்பே அவளிடம் பேசச் சொல்லுங்கள். கேள்வி கேட்பதும் முடிவு சொல்வதும் அவளாக இருக்கட்டும்.