அரையாண்டு லீவு முடிகிற நேரத்தில் மகளுக்குத் தூக்கம் வரவில்லை என்றால்

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள், உயிரியல்-கணிதப் பிரிவு. அரையாண்டு விடுமுறை முழுக்க ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்கிறாள். இயற்பியல் சரியாக எழுதவில்லையாம். "என்னால எதுவும் முடியாதும்மா, அடுத்து என்ன படிக்கிறதுன்னே தெரியல" என்று அழுகிறாள். பள்ளி திறக்க நான்கு நாள்தான் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, நடுராத்திரியில் அவள் கேட்பதற்கு நடுராத்திரியிலேயே பதில் சொல்லப் போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், "நாளைக்குச் சாயங்காலம் பேசலாம்டா" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் உட்கார்ந்து பேசுங்கள். அவளிடம் இப்போது இருப்பது மூன்று தனித்தனிப் பிரச்சினைகள்: தூக்கம், மதிப்பெண், மேற்படிப்பு. இருட்டில் மூன்றும் சேர்ந்து ஒரே பயமாகிவிடுகின்றன.

முதலில் தூக்கம். பதின்ம வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு தாமதமாகவே தொடங்கும். லீவில் காலை ஒன்பதரை வரை படுத்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். "பத்து மணிக்குப் படு" என்று அதட்டிப் பயனில்லை. தூக்கத்தை வரவழைக்க முடியாது, காலையில் அவளை எழுப்ப முடியும். நாளைக்கு எட்டரை, மறுநாள் ஏழே முக்கால், அப்புறம் ஏழு, நான்காம் நாள் ஆறேகால். எழுந்ததும் அரைமணி நேரம் வெயில் படும்படி மாடியிலோ வாசலிலோ இருக்கட்டும். மதியம் மூன்றுக்கு மேல் டீ, காபி வேண்டாம்.

இந்த முயற்சி பெரும்பாலும் கெட்டுப்போவது முதல் நாள் மதியம்தான். கண் சொருகும், இரண்டு மணி நேரம் தூங்கிவிடுவாள், ராத்திரி பழையபடி முழிப்பு. மதியம் இருபது நிமிடத்துக்கு மேல் தூங்க விடாதீர்கள். செல்போன் உங்கள் அறையில் சார்ஜ் ஆகட்டும், எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும். பதினோரு மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாராவது "எனக்கு இதுல எவ்வளவு வரும்" என்று விடைகளைப் போட்டால் போதும், அன்றைய தூக்கம் போச்சு. இன்னொன்று: நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கும் பழக்கம் இந்த வருடம் வேண்டவே வேண்டாம். இந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் தேவை. படித்தது மனத்தில் நிலைப்பதே தூக்கத்தில்தான்.

பள்ளி திறந்து இரண்டு வாரமாகியும் இப்படியே இருந்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே போக வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது, டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-ல் எந்நேரமும் பேசலாம்.

அடுத்தது மதிப்பெண். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தாளில் அவளது கவலைகளை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதற்கு எப்போது விடை தேவை என்று குறிக்கட்டும். "எந்தக் காலேஜ்?" என்பதற்கு மே மாதம். "பிசிக்ஸ் என்ன ஆகும்?" என்பதற்கு மட்டும்தான் இந்த வாரம்.

அந்த பிசிக்ஸைக் கணக்காகவே பார்ப்போம். எழுத்துத் தேர்வில் 70-க்கு 24 வருகிறது என்று வையுங்கள். செய்முறை 20, அகமதிப்பீடு 10. இந்த 30-ல் 27 வாங்கினால் மொத்தம் 51. தேர்ச்சிக்கு எழுத்தில் 15, மொத்தம் 35 போதும். ஆக, ஃபெயில் பயத்துக்கு இடமில்லை. பொறியியல் கட்-ஆஃப் 200-ல் கணிதம் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. இயற்பியலில் 14 மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் ஏழு கூடும். கணிதத்தில் ஏழு கூடினாலே அதே ஏழு. பிசிக்ஸ் பயத்தில் கணிதத்தை விட்டுவிடுவது பல பிள்ளைகள் ஜனவரியில் செய்யும் தவறு.

விடைத்தாள் கைக்கு வந்ததும் மொத்தத்தைப் பார்க்காமல் பகுதிவாரியாகக் கூட்டச் சொல்லுங்கள்: ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண் ஆறு, மூன்று மதிப்பெண் ஆறு, ஐந்து மதிப்பெண் ஐந்து. ஒரு மதிப்பெண்ணில் ஏழெட்டு போயிருந்தால் பாடப்பின் வினாக்களைத் தினம் ஒரு பாடம் வீதம் எழுதிப் பார்க்கட்டும்; மொத்தம் 11 பாடம்தான், இரண்டு வாரத்தில் முடியும். ஐந்து மதிப்பெண்ணில் போயிருந்தால் அது தருவித்தல்களை எழுதிப் பழகாததால். வாசிப்பது போதாது, படம், படிகள், இறுதிச் சமன்பாடு என்று புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்துவிடும், அதனால் இந்த வேலைக்கு ஜனவரிதான் நல்ல மாதம்.

மேற்படிப்பைப் பொறுத்தவரை அவள் நிற்கும் இடம் நல்ல இடம். உயிரியல்-கணிதம் படித்தவளுக்குப் பொறியியல் மட்டுமில்லை. வேளாண்மை, கால்நடை மருத்துவம், நர்சிங், கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. என்று பல கதவுகள் திறந்திருக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு: மருத்துவத்தில் 2020 முதல், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவத்தில் 2021 முதல். கல்லூரியில் சேர்ந்ததும், அரசுப் பள்ளி மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். இப்போதைக்குப் பிடித்த மூன்று படிப்புகளை எழுதி வைத்தால் போதும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். மே மாதம் கூட்டம் நெருக்கும். ஆறு, ஏழு வகுப்புகளை வேறு பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்காக அந்தத் தலைமையாசிரியரிடம் படித்ததற்கான சான்று வாங்கி வையுங்கள். ஆதார், சாதிச் சான்று, பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஓரெழுத்துகூட மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால், பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலைத் திருத்த இன்னும் வழியிருக்கிறதா என்று பள்ளி திறந்த அன்றைக்கே வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.