ஒரே பையில மூணு புஸ்தகம்

கேள்வி: சரவணம்பட்டில ஐடி வேலைங்கண்ணா. ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போறேன், சாப்ட்வேர், கவிதை, நாவல்னு கலந்து வாங்கோணும், எதுங்க வாங்கறது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: அம்மிணி, சாப்ட்வேருக்கு பிரெட் புரூக்ஸ் 1975ல எழுதுன 'தி மித்திக்கல் மேன்-மன்த்' வாங்கிருங்க, லேட்டான புராஜெக்ட்ல ஆளைச் சேர்த்தா இன்னும் லேட்டாகும்னு ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனில பட்டுத் தெரிஞ்சுக்கிட்டு எழுதுனது, புது ஆளுக்குச் சொல்லிக்குடுக்கவே பழைய ஆளுக்குப் பொழுது போயிருமில்லீங்க (உங்க மேனேஜருக்கும் ஒண்ணு வாங்குங்க). கவிதைக்கு கவிஞர் சிற்பி பாலசுப்ரமணியத்தோட 'ஒரு கிராமத்து நதி', சாகித்ய அகாதமி விருது வாங்குனது. நாவல்னா ஆர். ஷண்முகசுந்தரத்தோட 'நாகம்மாள்' தானுங்க, 1942லயே நம்மூரு பேச்சை அப்படியே எழுதுன மனுசன், புருசன் செத்துப்போன பொம்பள வெள்ளாமைக் காட்டுல பங்கு பிரிச்சுக் கேக்கறா, அங்க கெளம்புது சண்டை. சின்ன புஸ்தகம், திரும்பி வர்றப்ப பஸ்லயே பிரிச்சிருங்க.