லேசர் ஒளியை மேகம்போல நெளியவிடும் கண்ணாடியை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். பாத்ரூம் ஜன்னலுக்குப் போடும் டிசைன் கண்ணாடித் துண்டே போதும். ஆனால் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்து சலிக்கும். சாதாரணக் கண்ணாடியில் தெளிவான எபாக்ஸி பசையைத் தாறுமாறாக ஊற்றி, பாதி இறுகும்போது குச்சியால் இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஒரு கோணல் லென்ஸ். ஒளி குவிகிற இடங்களில்தான் சுவரில் பளிச்சென்ற ஒளி இழைகள் விழும். குமிழியும் கீறலும் ஒளியைச் சிதறடித்து மங்கலாக்கும்.

நிமிடத்துக்கு 1 சுற்று போகும் மோட்டாரில் இந்தக் கண்ணாடியைப் பொருத்தி, அதன் வழியே லேசரைச் சுவரில் பாய்ச்சுங்கள். வேகம் கூடினால் அழகு போச்சு! 1973-இல் லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் வானாய்வகத்தில் தொடங்கிய ‘லேசேரியம்’ என்ற லேசர் ஒளிக் காட்சிகளிலும் இந்த மேக உருவங்கள் உண்டு.

லேசர் 5 மில்லிவாட்டுக்குள் இருக்கட்டும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிர் கண்ணில் படாதபடி கறுப்பு அட்டை வைத்து மறையுங்கள்.